இரண்டு மினோரு

அன்புள்ள ஃபுமி,

நீயும் அம்மாவும் சுகந்தானே? கூரைப் பனியைத் தள்ள நீ ஏறாதே, உன் தம்பியைக் கூப்பிடு.

என் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன. "குடோ மினோருவுக்குக் கால் முறிந்தது" என்று உனக்கு வந்த தந்தி என்னைப் பற்றியது இல்லை. இந்தச் சுரங்கப்பாதை வேலையில் இன்னொரு குடோ மினோரு இருக்கிறார். ஓசை ஒன்றுதான், எழுதும் எழுத்துதான் வேறு: என் பெயருக்குக் 'கனி' என்று பொருள்படும் எழுத்து, அவருக்குக் 'கதிர்' எழுத்து. தந்தியில் வெறும் ஓசைதானே போகும்? குமாஸ்தா நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். கேட்டால், "ஏன்யா, ஒரே பேரை வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒரே எடத்துக்கா வேலைக்கு வருவீங்க?" என்று என்மேல் எகிறுகிறான்!

நீ அடித்த பதில் தந்தியையும் அந்த மினோருவிடமே கொடுத்திருக்கிறான். நேற்று விஷயம் தெரிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் கூடிவிடுமாம். தந்தி அவர் தலையணைக்கடியில் இருந்தது. "உன் பொண்டாட்டியோடதுன்னு படிச்சதுமே தெரிஞ்சுதுப்பா. எனக்கு ஊர்ல யாருமில்ல. கால் கூடுற வரைக்கும் இங்கயே இருக்கட்டுமே" என்றார். திருப்பிக் கேட்க மனம் வரவில்லை.

புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் அனுப்பு, அவருக்கும் சேர்த்து. கம்பளிக் காலுறையும் வேண்டும், இரண்டு காலுக்கும்தான்!

தபால் மூட்டை கட்டுகிறார்கள், முடிக்கிறேன். "கால் இல்லாவிட்டாலும் வா. நான் இருக்கிறேன்" என்று அடித்திருந்தாயாமே. அதை எனக்கு இன்னொரு தரம் எழுது. உறைமேல் 'கனி' எழுத்தைப் பெரிதாகப் போடு.

உன்
கனி மினோரு