மச்சாளின் வாக்குமூலம்

12 பெப்ரவரி 2010, விபோர்க், டென்மார்க்

பனி முழங்காலுக்கு. நான் வேலை செய்யும் பிளையஹெம்மில், முதியோர் இல்லத்தில், இரண்டு பேர் சுகமில்லை என்று வரவில்லை. அவர்கள் பார்க்கும் முதியவர்களையும் நானே குளிப்பாட்டி உடுப்பு மாற்றினேன். இடுப்பு விட்டுப்போச்சு. வீட்டுக்கு வந்தால் மச்சாள் சமைத்து வைத்திருக்கிறார். என் மனுசனுடைய அக்கா. வன்னியில் போர் முடியும்வரை கிடந்து, பிறகு முகாமில் கிடந்து, இவருடைய பொறுப்பில் விசா கிடைத்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. அவர் சமைக்க நான் சாப்பிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ருசியாகவும் இருக்கிறது.

20 பெப்ரவரி

எங்கள் தமிழ்ச் சங்கத்துக்கு கிர்ஸ்டன் என்று ஒரு டேனிஷ் வக்கீல் வந்தார். போரில் தப்பியவர்களின் வாக்குமூலங்களைச் சேர்க்கிறார். ஹேக் நீதிமன்றத்துக்கு நேரே போக முடியாதாம். இலங்கை அதில் சேரவில்லை. ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பினால்தான் வழி. அல்லது குற்றம் செய்தவன் எவனாவது ஐரோப்பாவில் மாட்டினால் அந்த நாட்டு நீதிமன்றமே விசாரிக்கலாம். அதுவரைக்கும் சாட்சியத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும், சாட்சிகள் செத்துப்போய்விடுவார்கள் என்றார். அடுப்பே இல்லை, அரிசியைக் கழுவச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

மச்சாள் மட்டும், "நான் சொல்லுறன்" என்றார். மொழிபெயர்க்க என்னைக் கேட்டார்கள். பெருமையாக இருந்தது.

26 பெப்ரவரி

காருக்குள் வைத்து இவர் சொன்னார்: "அக்கா ஆமியின்ர செல்லடியைச் சொல்லட்டும். கஜந்தியின்ர கதை வேண்டாம். அது வெளிய வந்தா எங்கட வழக்கே பாழ். நீ பாத்துச் சொல்லு."

கஜந்தி மச்சாளின் ஒரே பிள்ளை. பதினாறு வயது. எங்கள் இயக்கப் பெடியள்தான் பங்கருக்குள் இறங்கி அவளைச் சண்டைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். உடல்கூட வரவில்லை.

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

3 மார்ச்

செய்துவிட்டேன்.

4 மார்ச்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மச்சாள் நிமிர்ந்து இருந்து கதைத்தார். ஆஸ்பத்திரி என்று தெரிந்தே அடித்த செல்லில் அவருடைய மனுசன் செத்தது. ஒவ்வொரு வசனமாக டேனிஷில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. பிறகு கஜந்தி. "தலைமயிரில பிடிச்சு இழுத்தவங்கள். நான் பிள்ளையின்ர காலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன்." அழுது அழுது சொன்னார். நான் கிர்ஸ்டனுக்குச் சொன்னது: மகளும் போரில் இறந்துவிட்டாள்.

"இவ்வளவு நேரம் கதைத்தாரே, அவ்வளவுதானா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

தொடங்கும்போதே கிர்ஸ்டன் சொல்லியிருந்தார் — இப்படியான நீதிமன்றங்கள் இரண்டு பக்கத்தையும் விசாரிக்கும், சனத்துக்கு எவன் செய்தாலும் குற்றம்தான், பாதியை மறைத்த சாட்சியை எதிர்த்தரப்பு வக்கீல் கிழித்துப் போடுவார் என்று. எனக்கு நன்றாகவே கேட்டது.

இதைவிடக் கேவலம் பிறகு. எழுதியதை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார்கள். நான் தாளைப் பார்த்தபடி, அதில் இல்லாத கஜந்தியை, மச்சாள் சொன்ன அத்தனையையும் தமிழில் சொன்னேன். இருக்கிறதை வாசிக்கிற மாதிரியே. மச்சாள் தலையாட்டிவிட்டுக் கையெழுத்து வைத்தார். வெளியே வந்து என் கையைப் பிடித்து, "இப்பதான் நெஞ்சு லேசாக் கிடக்கு, பிள்ளை" என்றார்.

நானும் ஒரு மனுசியோ?

9 மார்ச்

எனக்குப் பிடிக்கும் என்று கத்தரிக்காய் பொரித்து வைத்திருந்தார். அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

21 மார்ச்

ஏலாது. இனி ஏலாது. இவர் வேலைக்குப் போன பிறகு மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யார் மறைக்கச் சொன்னது என்பதையும். ஏசுவார், இரண்டு அடியாவது போடுவார் என்று பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் உரித்து முடித்தார்.

"தம்பியோ சொன்னவன்?" அவ்வளவுதான் கேட்டார்.

24 மார்ச்

கிர்ஸ்டனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கத்தவில்லை. அந்த வாக்குமூலத்தைப் பாவிக்க முடியாது, முதலிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்றார். கிரின்ஸ்டெட்டிலிருந்து லூர்தம்மா என்பவர் மொழிபெயர்க்க வருவார். சொந்தக்காரர் எவரும் அறைக்குள் இருக்கக்கூடாது. ஒரு தடவை சொல்லவே மச்சாள் பட்ட பாடு. என்னால் இன்னொரு தடவை.

இன்றைக்கே இவரிடமும் சொல்லிவிட்டேன்.

28 மார்ச்

இவர் என்னோடு கதைப்பதில்லை. அதைத் தாங்கலாம். மச்சாளோடும் கதைப்பதில்லை. சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறார். மச்சாள் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

15 ஏப்ரல்

மச்சாளை வக்கீலிடம் விட்டுவிட்டுக் காருக்குள் இருந்தேன். நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். அழுத முகமாகத் தெரியவில்லை. வழியில் கேட்டேன்.

"எல்லாம் சொன்னீங்களோ, மச்சாள்?"

"ஓம். செல்லடியைச் சொன்னன். மனுசன் செத்ததைச் சொன்னன்."

"கஜந்தியை?"

"அதை விட்டிட்டன்."

காரை ஓரமாக நிறுத்தினேன். ஐயோ மச்சாள், திரும்பிப் போவம், நான் கிர்ஸ்டனோடு கதைக்கிறன் என்றேன். என்னென்னவோ சொன்னேன். அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடு பிள்ளை, தம்பி வேலையால வாற நேரம். நான் அந்த வீட்டிலதானே இருக்கவேணும்."

இரவு மச்சாள் அறைக் கதவடியில் நின்று, "அதை விட்டிட்டன், தம்பி" என்றார். இவர் மேசைக்கு வந்து இருந்தார். மச்சாள் சோறு போட்டுக் கொடுத்தார்.

"கறி நல்லாயிருக்கு, அக்கா" என்றார்.