ரெஹேமா அம்மா வீட்டில் பூனை இல்லை

அன்புள்ள மகள் மேனுஷாவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் குரல் கேட்டு மூன்று கிழமைக்கு மேலாகிறது. மலையில் சிக்னல் இல்லை, சந்தைக்கு இறங்கும் நாளில் போன் எடுப்பேன் என்று சொல்லித்தான் போனாய், தெரியும். அப்பாவிடம் சொன்னால், பிள்ளை அந்த மலைச் சனத்தின்ர பாஷை படிக்கப் போனது, உம்மோட கதைச்சுக்கொண்டிருக்கப் போகேல்லை என்கிறார். அதனால்தான் நீ தங்கியிருக்கும் மிஷன் விலாசத்துக்கு இதை எழுதுகிறேன். சித்தப்பா மகள் லோஜினிக்கு ஆவணியில் கல்யாண எழுத்து. ஈஸ்ட் ஹாமில் சாறி பார்க்கப் போனபோது உனக்கும் ஒன்று எடுத்தேன், நிறம் பிடிக்காவிட்டால் மாற்றலாம்.

மனோர் பார்க்கில் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று முன்பு சொன்னேன் அல்லவா. ரெஹேமா அம்மா, உன் மலைக்குக் கீழே இருக்கும் தங்கா பட்டினத்துக்காரி. மறதி வந்தபின் இங்கிலிஷ் முழுக்கப் போய்விட்டது, சுவாஹிலி மட்டும்தான். காலையில் குளிக்கவார்த்து, சாப்பாடு கொடுத்து, மத்தியானம் வரை இருப்பேன். நீ பரீட்சைக்காகக் குசினியில் நடந்து நடந்து பாடமாக்கியது எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது. கதிரைக்கு ஒரு கூட்டம், மரத்துக்கு ஒரு கூட்டம், மனிதருக்கு ஒரு கூட்டம், பெயரின் முன்னால் நிற்கும் சின்ன ஒலி அதனோடு வரும் சொற்களிலும் போய் ஒட்டிக்கொள்ளும் என்பாய். கீட்டி கீமோஜா, ஒரு கதிரை. வாட்டு வாவிலி, இரண்டு பேர். நீ போன இடத்து ஷம்பாலா மொழியிலும் இதே கட்டுத்தான் என்றும் சொன்னாய். நாய் பூனையும் அங்கே மனிதரைப் போலத்தான் பேசப்படும் என்று நீ சொன்னபோது, எங்கட தமிழில் அதுகளுக்கு அந்த மரியாதை இல்லையே என்று சிரித்தேன், நினைவிருக்கிறதா.

அந்த அம்மா அடிக்கடி மூலையில் இருக்கும் வெறும் கதிரையைக் காட்டி யூபோ, யூபோ என்பார். இருக்கிறார் என்று அர்த்தம். கதிரையைச் சொன்னால் கீபோ என்றல்லவா வரவேண்டும். அப்போ உயிருள்ள ஏதோ ஒன்று, பூனையாகத்தான் இருக்கும், என்னைக் கண்டு ஒளிக்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் கேட்க எனக்குக் கூச்சம், உனக்குத் தெரியும்தானே. பூனைச்சாப்பாடு வாங்கிக் கதிரைக்குக் கீழே வைத்தேன். ஒவ்வொரு நாளும் அப்படியே காய்ந்து கிடந்தது. ஒரு சனிக்கிழமை அவருடைய மகன் கஸ்பர் வந்து கோப்பையைப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஒருநாளும் பூனை இருந்ததில்லையே என்றார். அப்பா இன்னும் என்னைக் காட்டிச் சொல்லிச் சிரிக்கிறார், எங்கட குடும்பத்தில முதல் பட்டதாரி, இல்லாத பூனைக்குச் சாப்பாடு போடுறா எண்டு.

அன்றைக்கு நானும் சிரித்தேன். ஆனால் கஸ்பர் சிரிக்கவில்லை. அம்மா அந்தக் கதிரையில் காண்பது என் தங்கச்சியை, பத்தொன்பது வயதில் ஊரில் செத்துப்போனாள், எங்கே செத்தாள் என்றுகூட அம்மாவுக்குக் காட்ட முடியவில்லை என்றார். ஆவிகளுக்கு அவர்களிடம் வேறு சொல் இருக்கிறதாம், அது மரங்களோடு சேர்ந்த கூட்டமாம். அம்மா தன் பிள்ளைக்கு அந்தச் சொல்லை ஒருநாளும் எடுத்ததில்லை, இவ்வளவு வருடமும் யூபோதான் என்றார்.

அதற்குப் பிறகும் போனேன், போகாமல் விட, மகன் வராத நாட்களில் அவருக்கு வேறு ஆளில்லை. போன செவ்வாய் நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாயை மூடிக்கொண்டு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். யாரோ தெரிந்தவர் வந்தால் பார்ப்பதைப் போலத்தான் பார்த்தார், பயப்படவில்லை. பிறகு வாபோ என்றார். இருக்கிறார்கள், ஒருவரல்ல. நான் திரும்பவில்லை, கரண்டி கையிலேயே இருந்தது. என் கையைத் தட்டி ம்வனாவோ யூபோ என்றார். உன் பிள்ளை இருக்கிறாள்.

மேனுஷா, நீ எனக்கு ஒரேயொரு பிள்ளை. நான் உன்னைப் பற்றி அந்த வீட்டில் வாய் திறந்ததே இல்லை. அவர் உன்னை உயிரோடு இருப்பவர்களைச் சொல்லும் விதமாகத்தான் சொன்னார் என்று வரும்வழி பஸ்ஸில் மனதைத் தேற்றினேன். ஆனால் செத்த மகளையும் அவர் அப்படித்தானே சொல்கிறார். அப்பாவிடம் சொன்னேன், இந்தமுறை சிரிக்கவில்லை, மிஷனுக்குப் போன் எடுத்துப் பார்த்தார், மணி அடித்துக்கொண்டே இருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

நேற்று ரெஹேமா அம்மா மூலைக் கதிரைக்குப் பக்கத்தில் இன்னொன்று போடச் சொல்லிக் கை காட்டினார். எனக்கு விளங்காததுபோல நின்றேன். கோபித்து, கஞ்சி குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்கும் கேட்பார். நான் போடமாட்டேன்.

முருகன் உன்னைக் காப்பான், கோயிலில் உன் பெயரில் அர்ச்சனை செய்தேன். மலேரியாக் குளிசையை மறக்காதே, தனியாகக் காட்டுப் பாதையால் நடக்காதே. இதைக் கண்டவுடன் வேறு எதுவும் செய்யாமல் சந்தைக்கு இறங்கி எனக்கு எடு. கதைக்க நேரமில்லாவிட்டால் பரவாயில்லை பிள்ளை, அம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வை.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அம்மா