அம்மாவுக்குத் தெரியாத கோடு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம், அப்பாவின் வாய் வழக்கத்தைவிடச் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நீ ஆராய்ச்சி செய்யும் விண்மீன் மண்டலத்தின் படத்தை அனுப்பினாயே, அதை நம் மூக்குக்கண்ணாடிக் கடையில் மாட்டலாமென்று ஸ்டூடியோக்காரரிடம் பெரிதாகப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தால் ஒரே மங்கல். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து, லென்ஸைப் பக்கவாட்டில் பிடித்த மாதிரி இருந்ததே, அது மட்டும் பிடித்திருந்தது. மற்றபடி சுருள் கைகள் எங்கே, நீலமாக மின்னுவது எங்கே என்று மூன்று தடவை திருப்பியனுப்பினேன். மனிதர் நொந்துபோய், "அக்கா, படத்தோட உங்க பொண்ணு எழுதி அனுப்பினதைப் படிங்க. இந்த வகைக்குக் கையே கிடையாதாம், வாயு ஏறக்குறைய தீர்ந்துபோச்சாம், எல்லாம் வயசான நட்சத்திரமாம். நான் என்ன பண்ணட்டும்? நடுவுல ஓடுற தூசிக்கோட்டைப் பாருங்க, எவ்வளவு துல்லியமா இருக்கு!" என்றார். எந்தக் கோடு என்று கேட்டேன். அவரும் பக்கத்தில் நின்ற அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்புறமென்ன, இருபத்தெட்டு வருஷமாக ஊரையே உட்காரவைத்து எழுத்துப் படிக்கச் சொன்ன நாற்காலியில் அப்பா என்னை உட்காரவைத்தார். வலது கண் மூன்றாவது வரியோடு நின்றுவிட்டது. கண்புரையாம், இடது கண்ணிலும் லேசாக ஆரம்பமாம். நான் ஆறு மாதமாக டியூப் லைட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன்! வருகிற இருபதாம் தேதி ஆபரேஷன். பத்து நிமிஷ வேலை என்கிறார் டாக்டர். அவருக்குப் பத்து நிமிஷம், எனக்குக் கண்ணல்லவா? உன்னிடம் சொல்ல என்ன வெட்கம், பயமாகத்தான் இருக்கிறது. போனில் சொன்னால் இரண்டு பேரும் அழுது தீர்ப்போம், அதனால்தான் கடிதம்.

அதே நாளில்தான் உனக்குத் தொலைநோக்கி ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். இரண்டு வருஷம் காத்திருந்து கிடைத்த முறை, ஓடி வந்துவிடாதே. அந்த வெளிச்சம் புறப்பட்டு ஆறு கோடி வருஷமாகிறது என்று நீதானே சொன்னாய்? அவ்வளவு தூரம் வந்து சேரும்போது வாசலில் நீ இல்லாவிட்டால் எப்படி? வேலையை முடித்துவிட்டு நிதானமாக வா.

கட்டுப் பிரித்ததும் முதலில் தன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. அந்த முகத்தை நிறையப் பார்த்தாயிற்று, படத்தை எடுத்து வரச் சொல்லிவிட்டேன். கோடு தெரிந்த நிமிஷமே போன் பண்ணுவேன், எடு. உன் கண்ணாடிப் பவரைச் சோதித்து ஒரு வருஷமாகிறது, மறக்காமல் போய்ப் பார். உன் வேலை நல்லபடி முடியட்டும், மேகமில்லாமல் வானம் துலங்கட்டும்.

இடது கண்ணை மட்டும் நம்பி எழுதிய,
உன் அம்மா