ஸ்டியரிங் வெடிப்பு

29-8-1958, வெள்ளி

அவுக செத்ததிலிருந்து கார் கொட்டகையிலதான் நிக்குது. நாளைக்குப் பொன்னமராவதிக்காரர் வெலைக்கு வாங்க வர்றார். அதுக்காக நேத்து மெக்கானிக் மாணிக்கம் ஸ்டியரிங்கில வெடிச்சிருந்த பிளாஸ்டிக்கைப் பசை வச்சு அடைச்சான். காயட்டும்னு காரைப் பூட்டினோம். சாவி என் இடுப்பிலதான் இருந்துச்சு.

காலையில மாணிக்கம் வந்ததும் திறந்தா, காஞ்ச பசையில பெருவிரல் பதிஞ்சிருக்கு.

"யாருக்கா கை வச்சது? ஒரு ராத்திரி பொறுக்க முடியலையாக்கும்! தேய்ச்சுரவா?"ன்னான்.

"தேய்க்காதே"ன்னேன்.

அவன் போனப்புறம் என் விரலை அதுல வச்சுப் பார்த்தேன். பள்ளம் பெருசா இருக்கு. குறுக்கே அவுக விரல்ல இருந்த வெட்டுத் தழும்பும் இருக்கு.

வர்றவரைத் திருப்பி அனுப்பணும். கொழுந்தனார் கத்துவார். கத்தட்டும். வண்டியைக் குடுத்துட்டா அவுக எங்கிட்டுப் போவாக?