மரம் வரைக்கும் வந்த கதை

மார்ச் 4, செவ்வாய்

இருபது நாள் லீவு முடிந்து இன்று வேலைக்குத் திரும்பினேன். மேஸ்திரி எதுவும் கேட்கவில்லை. "வாம்மா" என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி சலவை அறை அப்படியேதான் இருக்கிறது. அதே மிஷின் சத்தம், அதே சோப்பு ஆவி, சுவர் ஓரம் அதே மூட்டைகள். எனக்கு எதிரே நிற்கிற ஆள் மட்டும் மாறிவிட்டது.

பெரிய விரிப்பை ஒருத்தியால் மடிக்க முடியாது. இரண்டு பேர் நாலு மூலையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்னால் போக வேண்டும். பதினோரு வருஷம் தங்கச்சியோடு அப்படி நடந்தேன். இன்று அந்த இடத்தில் ரேடியோவை விட்டிருக்கிறார்கள். வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். இன்றைக்கென்று அவளும் பேசவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏதாவது பேசித் தொலையேன்டி" என்றேன்.

"என்னத்தக்கா பேச" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

தங்கச்சி கடைசியாகப் படுத்திருந்தது இதே ஆஸ்பத்திரி மேல்மாடியில். அந்தக் கட்டில் விரிப்பும் இங்கேதான் வந்திருக்கும். இன்று நான் மடித்ததில் அதுவும் ஒன்றோ என்னவோ. எல்லாம் வெள்ளை. எப்படித் தெரியும்?

இது தங்கச்சி மகள் குட்டியின் பழைய நோட்டு. முன்னால் நாலு பக்கம் பெருக்கல் போட்டிருக்கிறாள். மீதியில் நான் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, அப்படித்தான் இருக்கும்.

மார்ச் 5, புதன்

குட்டி இன்றும் இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

குட்டியின் வளையலைக் காணோம். தங்கச்சி போட்டுவிட்டது, சிவப்புக் கண்ணாடி. கேட்டால் மொட்டைமாடிச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தேடிக் கொடுக்கலாம் என்று மேலே போனேன். சுவர் மேல் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

ஏழு வயசு. அப்பன் அவள் பிறந்த வருஷமே கிளம்பிப் போனவன், இன்னும் வரவில்லை. இப்போது எங்களோடு இருக்கிறாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஊரையே ஏற்றி இறக்குகிறவருக்கு ஒரு சின்னப் பிள்ளையோடு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "சாப்டியாம்மா?" என்கிறார். அவள் தலையாட்டுகிறாள். இரண்டு பேரும் அதோடு தப்பித்துக்கொள்கிறார்கள்.

நான் மட்டும் என்ன?

மார்ச் 10, திங்கள்

அவருடைய டார்ச் லைட் காணோம். "பிள்ளைய எதுவும் கேக்காத, நான்தான் எங்கயாவது வச்சிருப்பேன்" என்றார். பொருளைத் தொலைக்கிற ஆள் இல்லை அவர்.

மார்ச் 12, புதன்

சாயங்காலம் கதை சொல்லிப் பார்த்தேன்.

தங்கச்சி நன்றாகக் கதை சொல்லுவாள். லீவு நாளில் குட்டியைச் சலவை அறைக்குக் கூட்டி வருவாள். குட்டி மூட்டை மேல் உட்கார்ந்திருப்பாள். நாங்கள் மடிப்போம். விரிப்பை உதறும்போது, "ஒரு ஊர்ல..." என்று தங்கச்சி ஆரம்பிப்பாள். மூட்டை மேலிருந்து "உம்" என்று வரவேண்டும். உம் வராவிட்டால் கதை அங்கேயே நின்றுவிடும், காடு காடாகவும் ஆறு ஆறாகவும். எங்கள் அம்மா எங்களுக்கு வைத்த சட்டம் அது. ஒரு கதை பத்து விரிப்புக்கு வரும்.

இன்று நான் "ஒரு ஊர்ல ஒரு அம்மா" என்றேன். உம் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தேன். மறுபடியும் சொன்னேன். வரவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் துலக்கினேன்.

மார்ச் 14, வெள்ளி

என்ன காரியம் பண்ணிவிட்டேன்.

வேலை முடிந்து வந்தால் குட்டி வாசலில் நிற்கிறாள், பின்னல் இல்லை. கத்தரிக்கோலால் காதோடு வெட்டியிருக்கிறாள். ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை. தங்கச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில்கூட, மூச்சு வாங்க வாங்கப் பின்னிவிட்ட முடி அது. "எங்கடி முடி?" என்றேன். தெருமுனைச் சாக்கடையைக் காட்டினாள். தண்ணீரில் போட்டுவிட்டாளாம்.

அடித்துவிட்டேன். முதுகில், ஓங்கி. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "இன்னும் ரெண்டு அடி வேணா அடிச்சுக்கோ" என்கிற மாதிரி நின்றாள். வலியைவிடப் பெரிய வேலை ஏதோ அவளுக்கு இருக்கிற மாதிரி.

தங்கச்சி பார்த்திருந்தால் என் கையை உடைத்திருப்பாள்.

மார்ச் 16, ஞாயிறு

பக்கத்து சலூன்காரர் முடியைச் சரிசெய்துவிட்டார். "ராஜாவாட்டம் இருக்கே" என்றார். பிள்ளை சிரிக்கவில்லை. சலூனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிப் பின் கேட்டுக்குப் போகணும் என்றாள். ஒரு மாசத்தில் அவளாக வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான், அதனால் ஏன் என்றுகூடக் கேட்காமல் கூட்டிப்போனேன். கேட் ஓரத்து மரத்தடியில் தண்ணீர் பாட்டிலோடு கொஞ்ச நேரம் நின்றாள். வந்துவிட்டோம்.

மார்ச் 20, வியாழன்

எல்லாம் இன்றைக்குத்தான் விளங்கியது. எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

டீச்சர் வரச் சொல்லியிருந்தார். குட்டியின் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு. காலையில் என்னோடு வந்து, மணி அடிக்கிறவரை பின் கேட் பக்கம் விளையாடிவிட்டுப் போவாள். "தண்ணி பாட்டில் தினமும் காலியாத்தான் வருது. கேட்டா சொல்ல மாட்டேங்கிறா" என்றார் டீச்சர். பிறகு ஒரு தாளைக் கொடுத்தார். வீட்டில் கேட்ட கதையை எழுதச் சொன்னாராம். குட்டி எழுதியதை அப்படியே பார்த்து எழுதுகிறேன்:

"ஒரு ஊர்ல ஒரு அம்மா ஒரு பொண்ணு. அம்மா விறகுக்குக் காட்டுக்குப் போனா. காடு கதவ மூடிக்கிச்சு. பொண்ணு தேடிப் போனா. காக்காவக் கேட்டா. வளையல் குடுன்னுச்சு. குடுத்தா. எனக்குத் தெரியாது கல்லக் கேளுன்னுச்சு. கல்லு விளக்கு குடுன்னுச்சு. குடுத்தா. எனக்குத் தெரியாது ஆத்தக் கேளுன்னுச்சு. ஆறு முடிய குடுன்னுச்சு. குடுத்தா. உங்க அம்மா காட்டு வாசல்ல மரமா நிக்கிறான்னுச்சு. பொண்ணு ஏழு நாள் தண்ணி ஊத்தினா. ஏழாம் நாள் மரம் திறந்து அம்மா வந்தா. ரெண்டு பேரும் வீட்டுக்குப் போனாங்க."

வளையல். டார்ச். முடி. பாட்டில் தண்ணீர்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடியில் நின்றாளே. அன்று முதல் எண்ணினால் இன்று ஐந்தாம் நாள்.

டீச்சர் தண்ணீர் கொடுத்தார். "இந்தக் கதை எங்க வீட்லயும் உண்டுங்க. எங்கதுல வளையலுக்குப் பதில் பல்லு. ஆனா..." என்று நிறுத்தினார். "ஆனா எங்க கதையில அந்த அம்மா வரமாட்டாங்க."

எங்கள் கதையிலும் போனவர் வரமாட்டார்! எனக்குத் தெரியாதா? அப்பா வேலை செய்த இடத்தில் சுவர் விழுந்து செத்த வாரம் எங்கள் அம்மா சொன்ன கதை அது. அதில் காட்டுக்குப் போனது அப்பா. அவள் வாயால் "அப்பா செத்துட்டாரு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. இந்தக் கதையைத்தான் சொன்னாள். நாங்கள் உம் கொட்டினோம். கடைசியில் மரம் மரமாகத்தான் நிற்கும். பொண்ணு அதன் நிழலில் உட்கார்ந்து அழுவாள். மரம் சுள்ளி உதிர்க்கும். அதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிடுவாள். அதைச் சொல்லி முடித்துவிட்டு அம்மா எங்களுக்கு ஊட்டினாள். நாங்கள் சாப்பிட்டோம்.

சலவை அறையில் தங்கச்சி மரம் வரைக்கும்தான் சொல்லுவாள். அங்கே வரும்போது சரியாக மணி அடிக்கும், இல்லை அவளே "மிச்சம் வீட்ல" என்பாள். படுக்கையில் விழுந்த பிறகுதான் இப்படி மாற்றியிருக்கிறாள். ஏன்டி இப்படிப் பண்ணினே? பிள்ளை கையில் இதைக் கொடுத்துவிட்டுப் போனாயே?

அவளை மட்டும் சொல்லி என்ன. அவள் போன அன்று குட்டியை ரேடியோ வீட்டில் விட்டிருந்தோம். நான் சொல்லியிருப்பேன் என்று என் வீட்டுக்காரர் நினைத்தார். இவர் சொல்லியிருப்பார் என்று நான். ரேடியோ, நாங்கள் இரண்டு பேரும் சொல்லியிருப்போம் என்று. அம்மா செத்துவிட்டாள் என்று அந்தப் பிள்ளையிடம் இதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் பார்த்ததெல்லாம் அம்மா அந்தக் கேட்டுக்குள் போனது. கேட் மூடியது.

மார்ச் 21, வெள்ளி

நாளை ஏழாம் நாள்.

"உண்மையச் சொல்லிடு. செத்தவங்க வரமாட்டாங்கன்னு நேரா சொல்லிடு" என்கிறார் இவர். "நீங்க சொல்லுங்களேன்" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

ரேடியோ வேறு மாதிரி. "கதைதானேக்கா! ஏழு நாள் இல்ல, ஏழு வருஷம்னு மாத்திடு. அதுக்குள்ள பிள்ளை வளந்துடும்." விரிப்பின் ஒரு மூலை என் கையிலிருந்து நழுவிவிட்டது. ஏழு வருஷம் தண்ணீர் ஊற்றுவாளே. அதை நினைத்துப் பார்த்தாளா இவள்?

தங்கச்சி ஏன் மாற்றினாள் என்று நாள் முழுக்க யோசித்தேன். பிள்ளையை ஏமாற்றவா? இல்லை. எங்கள் அம்மா சொன்ன மாதிரியே கதையை முடித்தால், தான் போகப்போவதைத் தன் வாயாலேயே சொன்னதாக ஆகும். மரம் வரைக்கும் வந்து அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. அவளுக்கு வீட்டுக்கு வர ஆசை. முப்பத்தொரு வயசு. ஆசை இருக்காதா?

நான்தான் முடிக்க வேண்டும்.

மார்ச் 22, சனி

பள்ளிக்கூடம் லீவு. குட்டி எனக்கு முன்னால் எழுந்து குளித்து, நல்ல கவுன் போட்டு நின்றாள். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் துணிப்பை. பைக்குள் தங்கச்சியின் செருப்பு. அம்மா நடந்து வர வேண்டுமே.

மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தாமல். "பெரியம்மா, தள்ளி நில்லு. அம்மா வர்ற வழி" என்றாள். தள்ளி நின்றேன். செருப்பை ஜோடியாக வைத்தாள்.

பக்கத்தில் ஒரு பெரிய கல். அதன் இடுக்கில் இவருடைய டார்ச்.

எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. வாட்ச்மேன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். வெயில் ஏறியது. அவள் உட்காரக்கூட இல்லை.

நான் தரையில் உட்கார்ந்தேன். "ஒரு ஊர்ல ஒரு பொண்ணு ஏழு நாள் தண்ணி ஊத்தினா" என்றேன். உம் இல்லை. சட்டத்தை மீறி மேலே சொன்னேன். "மரம் திறக்கல."

"பொய்! எங்கம்மா அப்படிச் சொல்லல!"

"சொல்லலதான். எங்கம்மா எனக்கு இப்படித்தான் சொன்னா."

"அப்ப எங்கம்மா பொய் சொன்னாளா?"

"பொய் இல்லடி. உன்கிட்ட வர அவளுக்கு அவ்வளவு ஆசை. வர முடியாதுன்னும் தெரியும். ஆசைய எங்க வைக்கிறதுன்னு தெரியாம கதையில வச்சுட்டுப் போயிட்டா."

ரொம்ப நேரம் செருப்பையே பார்த்தாள். பிறகு, "அம்மா செத்துட்டாளா?"

"ஆமாடா. இந்த கேட்டுக்குள்ள, மேல்மாடியில. கடைசி வரைக்கும் நான் கையப் பிடிச்சிட்டிருந்தேன்."

பாட்டிலால் என்னை அடித்தாள். தோளில், கையில், மார்பில். காலி பாட்டில், வலிக்கவில்லை. வலித்திருக்கலாம். பிறகு கத்தி அழுதாள். நாற்பது நாள் அழுகையும் ஒரே மூச்சில் வந்தது. தூக்க முடியாத வயசு. தூக்கிக்கொண்டுதான் வந்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

என்னோடு காய் விட்டிருக்கிறாள். தட்டை வைத்தால் தள்ளுகிறாள்.

மார்ச் 26, புதன்

காய்தான். நான் தப்பு பண்ணிவிட்டேனோ? ஏழு வருஷம் என்றே சொல்லியிருக்கலாமோ?

மார்ச் 30, ஞாயிறு

கதவுப் பக்கம் ஏதோ தட்டுப்பட்டது. பார்த்தால் ஒரு பிடி காய்ந்த சுள்ளி, ரப்பர்பேண்ட் போட்டுக் கட்டியது. அந்த மரத்துடையது. பின் கேட்டில் பொறுக்கியிருக்கிறாள்.

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. ஆனாலும் மொட்டைமாடியில் மூன்று செங்கல் வைத்து மூட்டினேன். இவர் தண்ணீர் வாளியோடு பக்கத்திலேயே நின்றார், பஸ்ஸுக்கே தீப்பிடித்த மாதிரி. ஒரு முட்டை வேகத்தான் நெருப்பு இருந்தது. குட்டி முழு முட்டையும் சாப்பிட்டாள். பிறகு, "இன்னும் இருக்கா?" என்றாள். இவர் ஓடிப்போய்க் கடையில் ஆறு முட்டை வாங்கி வந்தார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ரேடியோ வந்திருந்தாள், தன் நாலு வயசு மகளோடு. நாங்கள் மாடியில் துணி காயப்போட்டோம். கொடிக்கு அந்தப் பக்கம் குட்டி அந்தச் சின்னதுக்குக் கதை சொன்னாள். உம் கொட்டச் சொல்லி மிரட்டித்தான் ஆரம்பித்தாள்.

"காடு கதவ மூடிக்கிச்சு."

"உம்."

"பொண்ணு வாசல்ல நின்னா. அப்ப அவ பெரியம்மா வந்தா."

"பெரியம்மா யாரு?"

"அம்மாவோட அக்கா. குறுக்க பேசாத. அந்தப் பெரியம்மா முதல்ல ஒரு அடி அடிச்சா. அப்புறம் தூக்கிட்டுப் போனா."

"மரம் திறந்துச்சா?"

"திறக்கல. நிழல் மட்டும் இருந்துச்சு."

ரேடியோ என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை, நல்லவேளை. எங்கள் அம்மா கதையில் பெரியம்மா கிடையாது. தங்கச்சி கதையிலும் கிடையாது.

அவர்கள் போன பிறகு காய்ந்த விரிப்பை எடுத்தேன். குட்டி தானாக வந்து எதிரே நின்று இரண்டு மூலையைப் பிடித்தாள். உதறினோம். நடந்து வந்தாள். கை எட்டவில்லை, நான் குனிந்தேன்.

"ஒரு ஊர்ல..." என்று ஆரம்பித்துவிட்டு நின்றாள். என் முகத்தையே பார்த்தாள்.

"உம்" என்றேன்.