பதினான்காம் டப்பா

அன்புள்ள நிவேதாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா நலம், ஆடுகள் நலம். நான் நலமா என்பதை நீதான் சொல்ல வேண்டும். கொல்கத்தாவில் விடாத மழை என்றாய், தண்ணீரைக் காய்ச்சிக் குடி, ரோட்டில் விற்பதைத் தின்னாதே. கிருமியைப் படிக்கிறவளுக்கே புத்தி சொல்கிறேன் பார். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். பதினெட்டு நாள் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது ஆராய்ச்சிக்கு முப்பது பேரின் மலம் வேண்டும், நம் வீட்டு ஆட்கள் கூடாது என்று பெயர் ஒட்டிய டப்பாக்களை என்னிடம் கொடுத்தாயே, அதில் பக்கத்து வீட்டு மங்கம்மா பெரியம்மா மட்டும் தரவில்லை. “சாமை கேளு, புளி கேளு, இன்னாத்த வந்து கேக்குற நீ, காலேஜ் படிச்சவதானே” என்று சிரித்தே விரட்டிவிட்டாள். உனக்கு ஒன்று குறையுமே என்று அவள் பெயர் போட்ட பதினான்காம் டப்பாவில் என்னுடையதை வைத்துக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு டைபாய்டு கிருமி இருக்கிறது, அவளை ஒன்றும் செய்யாது, ஆனால் அவள் கைப்பட்டதைத் தின்றவர்களுக்கு வரலாம், ஊர் நர்ஸிடம் சொல்லிவிட்டேன் என்று பதினெட்டு நாள் முன்பு நீ போனில் சொன்னபோது, அது என்னுடையது என்று சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். காலேஜ் ஹாஸ்டலில் எனக்கு வந்த டைபாய்டு அன்றோடு போய்விட்டது என்றுதானே இருந்தேன்.

நர்ஸ் மாத்திரையோடு அவள் வாசலில் வந்து நின்றதும் ஊருக்கே தெரிந்துபோனது. “நான் டப்பாவே குடுக்கலியே, கல்பனாவ கேளுங்க” என்று அவள் கத்தினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள்தான் வெட்கத்தில் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஆடிக் கூழ் அன்று அவளை அண்டா பக்கம் விடவில்லை, “நீ கரைம்மா கல்பனா” என்றார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்களே. நாலு தரம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கரைத்தேன். கொதித்தால் கிருமி சாகும் என்பாய், நாங்கள் ஆறின கூழில் அல்லவா மோர் விட்டுக் கையால் கரைக்கிறோம்.

அதற்குப் பத்து நாள் ஆகிறது. அன்று கூழ் குடித்த மங்கம்மாவின் சின்ன மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சொன்னது நிஜம் என்றாகிவிடும் என்று கதவைச் சாத்திக்கொண்டு ஈரத்துணி போட்டுக்கொண்டிருக்கிறாளாம். அவள் வீட்டுக்காரர் வடிவேலு உன் அப்பாவிடம் சொல்லி அழுதார். அப்பாவுக்கும் நான் இன்னும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் எப்படி இருப்பேன் நிவேதா.

இதை அனுப்பிவிட்டு அவள் கதவைத் தட்டப் போகிறேன். அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன், குழந்தையைப் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கூழ் குடித்த எல்லோரையும் பார்க்கச் சொல்லி நர்ஸிடம் நீ பேசு. உன் படிப்புக்கு என்னால் இழுக்கு வந்தால் மன்னித்துவிடு.

வேளைக்குச் சாப்பிடு. உன் தலையில் கை வைத்து வாழ்த்தவே எனக்குக் கூசுகிறது, இவ்வளவு தூரத்தில் இருந்து வாழ்த்தினால் எந்தக் கிருமியும் ஒட்டாது, நன்றாக இரு. மறக்காமல் பதினான்கில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுது.

உன் அம்மா
கல்பனா