படத்தில் மட்டும் 'அப்பா' என்கிறாள்

பாப்பா,

முட்டை பொரித்து மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்காரர் நாலு மணிக்கு வருவார். அதற்குள் அம்மா வந்துவிடுவாள்.

நேற்று தியேட்டரிலிருந்து வந்தது முதல் நீ என்னோடு பேசவில்லை. என்ன தப்பு செய்தேன் என்றே எனக்குப் பிடிபடவில்லை. நீ கொடுத்தாய் என்றுதான் அந்த நாவலை, லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போய்ப் படித்தேன். அதில் அந்தப் பெண், அம்மாவின் இரண்டாவது கணவரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் வெறும் 'நீங்க' என்றுதான் சொல்கிறாள். படத்திலோ ரயில் கிளம்பும்போது "அப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடி வருகிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீயும் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். அதனால்தான் வெளியே வந்ததும் "புத்தகத்தைவிடப் படம் நல்லாருக்கு" என்றேன்.

"கதையையே கெடுத்துட்டாங்க. அவ அப்படிக் கூப்பிடவே மாட்டா" என்று கத்தினாய். அப்புறம் ஏன் அழுதாய்?

காலையில் சவரம் செய்யும்போதுதான் ஒன்று தோன்றியது. நாவலில் அவருக்குக் காய்ச்சல் வந்தபோது, அந்தப் பெண் மூன்று நாள் அவர் பக்கத்தை விட்டு நகரவில்லையே, அதைப் படத்தில் வெட்டிவிட்டார்கள். உன் கோபம் அதற்காகவா? எனக்குத் தெரியவில்லை. கன்னத்தைக் கீறிக்கொண்டதுதான் மிச்சம்.

பின்குறிப்பு: பள்ளிச் சுற்றுலாப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 'மாணவிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தை மட்டும் உனக்கு விட்டிருக்கிறேன். எதை எழுதினாலும் எனக்குச் சம்மதம். காலியாக மட்டும் கொடுத்துவிடாதே, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.